ரெவிட்டிலிருந்து ஜிபிஎக்ஸ்எம்எல்: ரெண்டு சோனுக்கு வால்யூம் 10, கூலிங் லோடும் எகிறுது. அவசரம்

மூணாம்மாடி
வணக்கம். ரெவிட் (கட்டட 3டி மாடல் சாஃப்ட்வேர்) மாடலை ஜிபிஎக்ஸ்எம்எல்லா (எனர்ஜி கணக்குக்கு மாடலைக் கொண்டுபோற ஃபைல்) எடுத்து ஓபன்ஸ்டுடியோவுல (எனர்ஜிபிளஸ்ங்கற கணக்கு இன்ஜினை ஓட்டுற சாஃப்ட்வேர்) ஏத்தினேன். ரன் ஆகுது. ஆனா ரெண்டு சோனுக்கு (ஒண்ணா கணக்குப் போடுற பகுதி) வால்யூம் 10 கன மீட்டர்னு வருது, ரெண்டும் அதைவிட ரொம்பப் பெருசு. மொத்த லோடு பார்த்தா ஒரு டன் ஏசிக்கு 110 சதுர அடிதான், லோடு ரொம்ப அதிகம். இதை அனுப்பினா சிரிப்பாங்க. வால்யூமை கையால அடிச்சு விட்டுடலாமா? நாளைக்கு காலையில குடுக்கணும்.

சுமைக்கணக்கு
எத்தனை மாடி, மாடிக்கு எவ்வளவு பரப்பு? எக்ஸ்போர்ட் பண்ணும்போது எனர்ஜி செட்டிங்ஸா, ரூம்/ஸ்பேஸ் வால்யூமா? ஃபால்ஸ் சீலிங் உண்டா? எர்ர் ஃபைல்ல (ரன்னோட எச்சரிக்கை, பிழைப் பட்டியல்) அந்த ரெண்டு சோன் பேரைத் தேடி, வர்ற வரிகளை அப்படியே போடுங்க.

அதுவரைக்கும் ஒண்ணு: அந்த 10 உங்க மாடல்ல இருந்து வரல. கணக்கு போட்ட வால்யூம் சுழியாவோ மைனஸாவோ வந்தா, எனர்ஜிபிளஸ் எர்ர் ஃபைல்ல ஒரு வரி எழுதிட்டு, தானா 10 வெச்சுக்கிட்டு ஓடும். ரன் முடிஞ்சதாலயே மாடல் சரின்னு எடுத்துக்காதீங்க.

அடிஅங்குலம்
யூனிட் பிரச்சினைதான், சந்தேகமே வேண்டாம். ஃபைலை நோட்பேட்ல திறந்து மேலேயே இருக்கிற லெங்த் யூனிட் என்ன சொல்லுதுன்னு பாருங்க. அடியில எழுதினதை மீட்டர்னு படிச்சிருக்கும். 3.6 மீட்டர் மாடி உயரம் 11.81னு இருந்தா கேஸ் முடிஞ்சது.

வடக்குமுகம்
@அடிஅங்குலம் அப்படின்னா எல்லா சோனும் 35.3 மடங்கு பெருக்கணும். ரெண்டு சோன் மட்டும் சுருங்காது.

அடிஅங்குலம்
ஏரியா யூனிட்டும் வால்யூம் யூனிட்டும் தனித்தனி ஆட்ரிபியூட். ஒண்ணு அடி, ஒண்ணு மீட்டர்னு கலந்து எழுதின ஃபைலும் உண்டு. பார்க்கிறதுல என்ன நஷ்டம்?

தரவுத்தச்சன்
இந்தக் கேள்வி இங்கே மாதம் ஒருமுறை வருகிறது. தேடல் பெட்டி எதற்கு இருக்கிறது என்று தெரியவில்லை. ஜிபிஎக்ஸ்எம்எல் 2000இல் உருவான பரிமாற்ற வடிவம். அதில் சுவர் என்பது தடிமன் இல்லாத ஒரு தாள். ஐஎஃப்சி (கட்டட மாடலுக்கான திறந்த பரிமாற்ற வடிவம்) எடுத்து இரண்டாம் நிலை ஸ்பேஸ் பவுண்டரியோடு (மறுபக்கம் என்ன இருக்கிறது என்பதற்கேற்பப் பிரித்த அறை எல்லைப் பரப்பு) வேலை செய்தால் இந்தச் சிக்கல் எழாது. அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள்.

மூணாம்மாடி
சாரி, மொபைல்ல இருந்து போட்டேன். தரை + 2, மாடிக்கு 600 சதுர மீட்டர். ரூம் வால்யூம்தான் குடுத்தேன். சீலிங் 2.7ல, மாடிக்கு மாடி 3.6. ஆர்க்கிடெக்ட் மாடல் லிங்க்ல இருக்கு. லெங்த் யூனிட் மீட்டர்னுதான் இருக்கு. எர்ர் ஃபைல்ல ரெண்டுக்கும் "முழுசா மூடப்படல"ன்னு ஒரு வரி, அப்புறம் வால்யூம் சுழிக்குக் கீழேன்னு ஒரு வரி.

சுமைக்கணக்கு
சரி, இப்போ புரியுது. இதுல ரெண்டு தனித்தனி கோளாறு இருக்கு, ஒண்ணோட ஒண்ணு குழப்பிக்காதீங்க.

முதல்ல லோடு. சீலிங் ரூம் பவுண்டிங்கா, அதாவது அறையோட எல்லையா இருக்கு. அதனால ரூம் 2.7ல முடிஞ்சிடுது. மேல் மாடி ரூம் 3.6ல தொடங்குது. நடுவுல 0.9 மீட்டர் யாருக்கும் சொந்தமில்லாத இடம். ஜிபிஎக்ஸ்எம்எல்ல ஒரு சர்ஃபேஸுக்கு ரெண்டு அட்ஜசென்ட் ஸ்பேஸ் ஐடி (ஒட்டியிருக்கிற அறையோட அடையாளம்) இருந்தாத்தான் அது உள்புறம். உங்க சீலிங்குக்கு ஒண்ணுதான் இருக்கும், அதனால சர்ஃபேஸ் டைப் கூரைன்னு எழுதிடும். 600 சதுர மீட்டர் கூரை இருக்க வேண்டிய கட்டடத்துக்கு 1800 சதுர மீட்டர் கூரை. அதுல மூணுல ரெண்டு பங்கு வெயிலே படாத இடம். மேல் மாடித் தரைகளும் வெளிக்காத்துல தொங்குற தரையா போயிருக்கும்.

இதைக் கண்ணால பார்க்க ஓபன்ஸ்டுடியோ 3டி வியூவுல பவுண்டரி வாரியா நிறம் மாத்துங்க. நடு மாடி சீலிங் நீலமா தெரிஞ்சா வெளிப்புறம். பச்சையா இருக்கணும். ஓபன்ஸ்டுடியோவுலயே சர்ஃபேஸ் மேட்ச் கொடுத்துப் பார்க்கலாம்னு தோணும். 0.9 மீட்டர் இடைவெளியை அது சேர்க்காது, ரெண்டு பரப்பும் ஒரே தளத்துல இருக்கணும்.

ரெவிட்ல செய்ய வேண்டியது:

1. ஏரியா அண்ட் வால்யூம் கம்ப்யூட்டேஷன்ஸ்ல "ஏரியாஸ் அண்ட் வால்யூம்ஸ்" தேர்வு ஆகியிருக்கணும். "ஏரியாஸ் ஒன்லி"ல இருந்தா மத்த எதுவும் பலிக்காது.
2. லிங்க்கோட டைப் ப்ராபர்ட்டீஸ்ல ரூம் பவுண்டிங் டிக்.
3. ரூமை விட்டுட்டு ஸ்பேஸ் வைங்க. அப்பர் லிமிட் அடுத்த லெவல், லிமிட் ஆஃப்செட் 0.
4. ரிட்டர்ன் ஏர் (அறையில இருந்து ஏசிக்குத் திரும்புற காத்து) டக்ட்ல போகுதுன்னா சீலிங்குக்கு ரூம் பவுண்டிங் எடுத்துடுங்க, 3.6ம் ஒரே சோன். அதை லிங்க்குக்குள்ள போய்த்தான் மாத்தணும், ஆர்க்கிடெக்டைக் கேளுங்க. சீலிங் மேலேயே திறந்த ரிட்டர்ன்னா அது வேற வெப்பநிலை. 2.7ல ஒரு லெவல் போட்டு, அந்த 0.9க்கு தனி ஸ்பேஸ் வெச்சு, ப்ளீனம் (காத்து திரும்பிப் போற இடம்) டிக் பண்ணுங்க.

வால்யூமை கையால அடிக்கிறது பத்தி: சோன் ஆப்ஜெக்ட்ல அந்தப் புலம் இருக்கு, அடிக்கலாம். அது காத்தோட வெப்பக் கொள்ளளவையும் ஏர் சேஞ்ச் கணக்கையும் மட்டும்தான் திருத்தும். விட்டுப்போன சுவரோ திரும்பின சுவரோ அப்படியே இருக்கும். ஆனா வால்யூம் பத்தின வரி மட்டும் எர்ர் ஃபைல்ல இருந்து மறைஞ்சிடும், அதுதான் ஆபத்து.

வடக்குமுகம்
ரெண்டாவது கோளாறுக்கு நான் சொல்றேன். உட்சுவருக்கு ஜிபிஎக்ஸ்எம்எல்ல ஒரே ஒரு பாலிலூப்தான் (மூலைப் புள்ளிகளோட வரிசை). முதல் அட்ஜசென்ட் ஸ்பேஸுக்கு வெளிநோக்கிப் பார்த்த மாதிரி புள்ளிகள் வரணும்ங்கறது மரபு. எழுதுற சாஃப்ட்வேர் அந்த வரிசையை மாத்திட்டா, படிக்கிற பக்கம் ரெண்டு அறையிலயும் சுவர் உள்வெளியா திரும்பிடும். வால்யூம் மைனஸ் ஆகும்.

தரையோ கூரையோ தலைகீழா வந்தா எனர்ஜிபிளஸ் ஒரு எச்சரிக்கை கொடுத்து தானே திருப்பிப் பார்க்கும். சுவருக்கு அப்படி இல்ல. மேற்குச் சுவர் திரும்பினா கிழக்குச் சுவரா கணக்காகி, சாயங்கால வெயில் முழுக்கக் காணாமப் போயிடும். 3டி வியூவுல நார்மல் வாரியா நிறம் மாத்தினா உடனே தெரியும்.

இன்னொண்ணு, தூண் மூலைகள்ல 1 சென்டிமீட்டருக்குள்ள ரெண்டு புள்ளி இருந்தா எனர்ஜிபிளஸ் ஒண்ணைக் கழட்டிவிடும். பக்கத்துச் சுவர்ல அந்தப் புள்ளி இருந்துச்சுன்னா விளிம்பு ஒத்துப்போகாம "மூடப்படல"ன்னு வரும். அந்த ரெண்டு சோன் எதுன்னு சொல்லுங்க. படிக்கட்டு, லிஃப்ட், ஷாஃப்ட்?

தரவுத்தச்சன்
பார்த்தீர்களா, புள்ளிகளின் வரிசையைக் கையால் துரத்த வேண்டியிருக்கிறது. ஐஎஃப்சி4இல் இரண்டாம் நிலை பவுண்டரிக்குத் தனி வகுப்பே உண்டு. எதிர்ப்பக்கப் பவுண்டரி எது என்ற இணைப்பும் அதிலேயே இருக்கிறது. 2013இலேயே ஐஎஸ்ஓ 16739 ஆகிவிட்டது.

வடக்குமுகம்
தரம் சொல்றது சரி. எழுதுறவங்க எழுதறாங்களா? கையில வர்ற ஃபைல்ல பாதி இன்னும் பழைய ஐஎஃப்சி 2எக்ஸ்3 கோஆர்டினேஷன் வியூ. அதுல ஸ்பேஸ் பவுண்டரி கூடுதல் சேர்க்கை, கேட்டாத்தான் வரும். இரண்டாம் நிலைங்கறதையே பெயர்ப் புலத்துல எழுத்தா வெச்சிருப்பாங்க, 2ஏவா (மறுபக்கம் அறை) 2பியா (மறுபக்கம் சுவர் மாதிரி பொருள்) என்பது விளக்கப் புலத்துல. ரெவிட் ஐஎஃப்சி எக்ஸ்போர்ட்ல ஸ்பேஸ் பவுண்டரி "இல்லை"ன்னு விட்டுட்டு அனுப்பின ஃபைலை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?

அதுவும் போக, எனர்ஜிபிளஸ் நேரா படிக்கிறது அதோட சொந்த ஃபைல் வடிவங்களான ஐடிஎஃப், இல்லன்னா இபிஜேசன். எந்தப் பக்கம் வந்தாலும் நடுவுல ஒரு மொழிபெயர்ப்பாளர் உண்டு, தப்பு நடக்கிற இடமும் அதுதான்.

தரவுத்தச்சன்
அதற்குத்தான் ஐடிஎஸ் (மாடலில் என்ன தகவல் வேண்டும் என்று எழுதும் தரம்). 2024இல் ஐஎஃப்சியை நடத்தும் பில்டிங்ஸ்மார்ட் அமைப்பு முதல் பதிப்பை ஏற்றுவிட்டது. என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், வராததை இயந்திரமே காட்டிக்கொடுக்கும்.

சுமைக்கணக்கு
"வெளிச்சுவருக்கு யூ மதிப்பு (வெப்பம் கடத்துற அளவு) இருக்கா"ன்னு ஐடிஎஸ் கேக்கும். "இந்த அறை காத்துப்புகாம மூடியிருக்கா"ன்னு அதால கேக்க முடியாது. வடிவியல் சரிபார்ப்பு அதோட வேலையே இல்ல. சில்லரோட (தண்ணியைக் குளிர்விக்கிற ஏசி மெஷின்) செயல்திறன் அட்டவணையும் இந்த வழியா வந்து சேராது, அதுக்குன்னு 2023ல ஆஷ்ரே 205ங்கற தரம் வந்துச்சு. ஒரே ஃபைல்ல எல்லாம் வரும்னு யாரும் காத்திருக்க வேண்டாம்.

அடிஅங்குலம்
ரெண்டு பேரும் தடிமனை விட்டுட்டீங்க. ஸ்பேஸ் பரப்பை உள்முகத்துல எடுக்கறதா, சுவர் மையத்துல எடுக்கறதா? 200 மில்லிமீட்டர் பிளாக் சுவர், உள்ளளவு 4க்கு 5 அறை: 20 சதுர மீட்டர். மையக்கோட்டுல 4.2 பெருக்கல் 5.2, அதாவது 21.84. 9 சதவீதம் கூட. லைட்டிங்கை சதுர மீட்டருக்கு இத்தனை வாட்னு கொடுத்தா அந்த 9 சதவீதம் நேரா லோடுல ஏறும். ஃபைல் வடிவம் எதுவானாலும் இது நடக்கும்.

வடக்குமுகம்
இது சரியான பாயிண்ட். சின்ன அறைகள் நிறைய இருக்கிற ஹாஸ்டல், ஆஸ்பத்திரில இன்னும் மோசம். மையக்கோடுன்னா சோன் ஆப்ஜெக்ட்ல ஃப்ளோர் ஏரியாவை மட்டும் உள்ளளவுக்கு மாத்திக்கலாம், சர்ஃபேஸைத் தொட வேண்டாம்.

தரவுத்தச்சன்
யூனிட் என்று தொடங்கியவர் கடைசியில் தடிமனுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். மகிழ்ச்சி.

மூணாம்மாடி
படிக்கட்டும் ஷாஃப்டும்தான். மாடிக்கு மாடி தனி ரூமா வெச்சிருந்தாங்க, நடுவுல ஸ்லாப் கிடையாது. தரையில இருந்து மொட்டை மாடி வரைக்கும் ஒரே ஸ்பேஸா வெச்சேன், 10 போயிடுச்சு. சீலிங்கோட ரூம் பவுண்டிங்கையும் எடுக்கச் சொல்லிட்டேன், இப்போ நடு மாடி பச்சையா இருக்கு. ரன் போயிட்டு இருக்கு. நன்றி எல்லாருக்கும்.

சுமைக்கணக்கு
நல்லது. எர்ர் ஃபைல்ல "மூடப்படல" வரி இன்னும் எத்தனை மிச்சம்? கீழ் லெவல் ஸ்லாப் ஆன் கிரேடா (மண்ணு மேல இருக்கிற தரை) வந்திருக்கா, வெளிக்காத்தா வந்திருக்கா?

வடக்குமுகம்
ட்ரூ நார்த்தும் (மாடல்ல உண்மையான வடக்கு எதுன்னு) பாருங்க. டன்னுக்கு இப்போ எவ்வளவு வருது?

அடிஅங்குலம்
ரூம் ஏரியா கம்ப்யூட்டேஷன் வால் ஃபினிஷா, சென்டரா? பதில் போட்டுட்டுப் போங்க.