555 டைமர் நிற்கவே மாட்டேன் என்கிறது: சாம்பிராணிப் புகை விசிறிக்கு உதவி தேவை

தெம்பனிஸ்வாசி:
வணக்கம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டாலே வீட்டுப் புகை எச்சரிக்கைக் கருவி அலறுகிறது. அதனால் சாமி மேடைக்குப் பக்கத்து ஜன்னலில் பழைய கணினியின் 12 வோல்ட் விசிறி ஒன்றை மாட்டியிருக்கிறேன். என்இ555 டைமர் சிப், மோனோஸ்டேபிள் (ஒருமுறை அழுத்தினால் குறித்த நேரம் ஓடி நிற்கும்) இணைப்பு, டிரான்சிஸ்டர் வழியாக விசிறி. ரெசிஸ்டர் 1 மெகா ஓம், கெப்பாசிட்டர் 470 மைக்ரோஃபாரட். 1.1 ஆர்சி (1.1 × ரெசிஸ்டர் × கெப்பாசிட்டர்) கணக்குப்படி 517 விநாடியில் நிற்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் ஓடுகிறது, அரை மணி நேரம் ஆனாலும் நிற்பதில்லை. சிப்பை மாற்றினேன், அதே கதைதான்.

ஈயப்புகை:
சிப்பின் 2-ஆம் காலுக்கும் (பொத்தான் வரும் கால்) பிளஸ்ஸுக்கும் நடுவில் 10 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர் இருக்கிறதா? பொத்தானை விட்ட பிறகும் 2-இல் 4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் விசிறியை ஓட்டும் 3-ஆம் கால் இறங்காது. 2-ஐயும், கெப்பாசிட்டர் ஏறுவதைக் கவனிக்கும் 6-ஐயும் அளந்து சொல்லுங்கள். டிஜிட்டல் மீட்டரில் அளக்கவும். முள் மீட்டரின் தடை 10 வோல்ட் ரேஞ்சில் வெறும் 200 கேதான் இருக்கும், கெப்பாசிட்டரை அதுவே ஏறவிடாது.

தெம்பனிஸ்வாசி:
10 கே இருக்கிறது. 2-இல் 11.9. 6-இல் மெதுவாக ஏறி 6.2-இல் நின்றுவிட்டது, அதற்கு மேல் அசையவில்லை.

கம்பிச்சுருள்:
இப்போது வருவதெல்லாம் போலி சிப். 555-இன் இன்னொரு வகையான டிஎல்சி555 போட்டுப் பாருங்கள்.

பழைய ரேடியோ:
சிப் மேல் பழி போடாதீர்கள், 6.2 என்ற எண்ணே விஷயத்தைச் சொல்லிவிட்டது. சப்ளை 12 என்றால் 6-ஆம் கால் 8 வோல்ட்டைத் தொட்டால்தான் டைமர் முடியும். 6.2-இல் நிற்கும்போது 1 மெகா ஓம் வழியே 5.8 மைக்ரோஆம்ப் வருகிறது. அதில் மீட்டருக்கு 0.6 போகும். மீதி ஐந்து சொச்சமும் கெப்பாசிட்டருக்குள்ளேயே கசிந்து போகிறது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிறீர்கள். 8 வோல்ட்டில் அந்த ரெசிஸ்டர் தரக்கூடியதே 4 மைக்ரோஆம்ப்தான், எப்படி எட்டும்?

எலக்ட்ரோலிட்டிக் (உங்கள் 470 போன்ற வகை) கெப்பாசிட்டர் தயாரிப்பாளர்கள் பலர் 0.01 சிவி (0.01 × மைக்ரோஃபாரட் × வோல்ட்) வரை கசிவை அனுமதிக்கிறார்கள். 470, 16 வோல்ட் என்றால் அதுவே 75 மைக்ரோஆம்ப். நல்ல சரக்கில் உண்மையான கசிவு இதைவிட மிகக் குறைவாக இருக்கும். வருடக்கணக்கில் சும்மா கிடந்ததில் உள்ளே இருக்கும் ஆக்சைடு படலம் தேய்ந்து கசிவு கூடியிருக்கும். உங்களுடையது எங்கே எடுத்தது?

சோதிக்க ஒரு வழி: அதே 1 மெகா ஓமுடன் புதிய 10 மைக்ரோஃபாரட் போடுங்கள். 11 விநாடியை ஒட்டி நின்றால் சிப்பும் வயரிங்கும் சரி. டிஎல்சி555 நல்ல சிப்தான், ஆனால் கெப்பாசிட்டரின் ஓட்டையை அது எப்படி அடைக்கும்? அப்புறம், 5-ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 10 நானோஃபாரட், 8-க்கும் (பிளஸ்) 1-க்கும் (கிரவுண்டு) நடுவில் 0.1 மைக்ரோஃபாரட் இல்லையென்றால் போட்டுவிடுங்கள். விசிறியின் இரைச்சல் சப்ளையில் ஏறும்.

தெம்பனிஸ்வாசி:
பழைய ஆம்ப்ளிஃபயர் போர்டிலிருந்து கழற்றியது அண்ணே. 10 மைக்ரோஃபாரடில் 11 விநாடிக்கு நின்றது! சிம் லிம் டவர் எலக்ட்ரானிக்ஸ் கடையில் புதிய 470 வாங்கிப் போட்டேன், இப்போது பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடி நிற்கிறது. கணக்குக்கு அதிகமாக வருகிறதே?

பழைய ரேடியோ:
எலக்ட்ரோலிட்டிக் மதிப்பே 20 சதவீதம் கூடலாம், குறையலாம். மிச்சமிருக்கும் கசிவும் நேரத்தை இழுக்கும். சாம்பிராணிக்கு இது போதும், விட்டுவிடுங்கள்.

துல்லியம் வேண்டுமென்றால், சுற்றுகளை எண்ணும் சிடி4060 சிப். 330 கே, 0.1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர் போட்டால் ஒரு சுற்றுக்கு 2.3 ஆர்சி, அதாவது சுமார் 0.076 விநாடி. 8192 சுற்றில் 3-ஆம் கால் ஏறும், பத்து நிமிடம் 22 விநாடி. எலக்ட்ரோலிட்டிக்கே வேண்டாம். 12-ஆம் காலை (ரீசெட்) 10 கே வழியே கிரவுண்டில் வைத்து, பொத்தான் அதைப் பிளஸ்ஸுக்குத் தொட வைக்கட்டும். எண்ணி முடித்ததும் அப்படியே நிற்க 3-ஆம் காலிலிருந்து 11-ஆம் காலுக்கு ஒரு 1என்4148 டயோடு, கோடு போட்ட பக்கம் 11-இல். எண்ணும்போது 3 கீழே இருக்கும் என்பதால் விசிறிக்கு பிஎன்பி (உள்ளீடு கீழே இருக்கும்போது ஓடவிடும் வகை) டிரான்சிஸ்டர்.