‘குஞ்சு பொரித்தது’: உங்களை இடறிவிட்ட அனுபவம் உண்டா?

மெய்ப்புத் திருத்துபவர்:
ரகர, றகரக் குழப்பம் எல்லோரும் அறிந்ததுதான் என்பதால் நேராகச் சொல்லிவிடுகிறேன். பறவைகள் பற்றிய கட்டுரையொன்றில் அதன் ஆசிரியர் சரியாகவே எழுதியிருந்த ‘குஞ்சு பொரித்தது’ என்பதை, நான் ‘பொறித்தது’ என்று ‘திருத்தி’ அச்சுக்கும் அனுப்பிவிட்டேன். இதழ் வெளியான அன்று அவர் தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்வி: “ஐயா, என் கோழி கல்வெட்டா வெட்டியது?” எட்டு ஆண்டுகள் கழிந்தும் அந்தச் சொல்லைக் கண்டால் உளியோடு ஒரு கோழி வந்து நிற்கிறது.

தமிழாசிரியை:
உங்களை எழுத்து இடறியது. என்னை உருபு இடறியது. மாணவி ஒருத்தி ‘கோழி முட்டையைப் பொரித்தது’ என்று எழுதியிருந்தாள். அது வாணலியின் வேலை என்று சொல்லி, சிவப்பு மையால் அடித்து, ‘குஞ்சைப் பொரித்தது’ என்று மேலே எழுதிக் கொடுத்தேன். தாளைப் பார்த்தவள், “எண்ணெயிலா, டீச்சர்?” என்றாள். ‘குஞ்சு பொரித்தது’ என்றால் முட்டையிலிருந்து வெளிவரச் செய்தது. நடுவில் ‘ஐ’ நுழைந்ததும் அடுப்பு மூண்டுவிடுகிறது. இதை அன்றே விளக்கத் தெரியாமல் அசடு வழிய நின்றதுதான் உறுத்துகிறது.

கோழி வளர்ப்பவர்:
இருவரும் பொரிப்பதையே பேசி, அதற்கு முந்தைய வினையை விட்டுவிட்டீர்கள். என் கோழிகளைப் பற்றி எழுதிய ஒருவர் ‘21 நாள் பொரித்தது’ என்று எழுதினார். அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. அடை வைப்பது நாம், அந்த 21 நாளும் அடைகாப்பது கோழி, பொரிப்பது முடிவில்தான். வாத்து முட்டையென்றால் 28 நாள் ஆகும். அடை வைக்க நினைப்பவர்கள் ஏழாம் நாள் முட்டையை விளக்கொளியில் பிடித்து, உள்ளே ரத்த நாளம் தெரியாவிட்டால் கூமுட்டை என்று எடுத்துவிடுங்கள். கோழி முட்டையைப் பொரிப்பானில் (அடைகாக்கும் இயந்திரத்தில்) வைத்திருந்தால் 18ஆம் நாளோடு புரட்டுவதை நிறுத்திவிடுங்கள். ஓட்டில் விரிசல் கண்டதும் இரக்கப்பட்டு உரித்துவிடாதீர்கள். மிச்ச மஞ்சள் கருவைக் குஞ்சு வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும் முன் உரித்தால் ரத்தம் கசிந்து இறந்துவிடக்கூடும்.

மெய்ப்புத் திருத்துபவர்:
முட்டை புரட்டும் முறையை நான் கேட்கவில்லை, ஐயா. ஆனால் பத்தில் எட்டு முட்டை தேறினால் நீங்கள் ‘எட்டு பொரித்தது’ என்பீர்களா, ‘எட்டு பொரிந்தது’ என்பீர்களா? நேற்று வந்த கட்டுரையில் இரண்டும் இருக்கின்றன. இன்னும் பேனாவைத் திறக்கவில்லை.