துபாய் பக்கமா, திப்ருகர் பக்கமா?

நாகர்கோவிலிலிருந்து:
அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று போன் வந்தபோது நான் அசாமில், திப்ருகரில் வேலையில் இருந்தேன். தம்பி துபாயில். இருவருக்கும் ஒரே நேரத்தில்தான் தகவல் வந்தது. அவன் அன்று இரவே விமானம் ஏறி, விடியும் முன் திருவனந்தபுரத்தில் இறங்கி, காலை எட்டு மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் அப்பா பக்கத்தில் நின்றான். எனக்கு நேர் விமானம் கிடையாது. கொல்கத்தா, சென்னை என்று மாறி, நடுவில் ஒன்றைத் தவறவிட்டு, வீடு சேர மூன்றாம் நாள் மதியம் ஆகிவிட்டது.

அப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் அம்மா கேட்டது இன்னும் வலிக்கிறது: "வெளிநாட்டில இருக்கவன் வந்துட்டான், உனக்கு மட்டும் என்ன மக்கா இவ்வளவு நேரம்?"

அப்புறம்தான் தூரத்தைப் பார்த்தேன். திருவனந்தபுரத்திலிருந்து நேர்கோட்டில் துபாய் 2,900 கிலோமீட்டர் சொச்சம். திப்ருகர் ஏறத்தாழ 2,840. அதாவது நான்தான் பக்கத்தில் இருந்தேன்! அந்த நேர்கோடு பெரும்பகுதி வங்கக் கடலுக்கு மேலே போகிறது. 2011-இல் கன்னியாகுமரிக்கும் திப்ருகருக்கும் இடையே விட்ட விவேக் எக்ஸ்பிரஸ், கேரளா, ஆந்திரா, ஒடிசா, வங்காளம் என்று கரையைச் சுற்றி வருவதால் சுமார் 4,200 கிலோமீட்டர் ஓடுகிறது. மூன்று நாளுக்கு மேல் ஆகும். அதில் ஏறியிருந்தால் இன்னும் தாமதம்தான்.

குளச்சலிலிருந்து:
அண்ணே, உங்கள் அம்மா கேட்டதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் வீட்டிலும் நேரக் கணக்கு ஒரு பெரிய குழப்பம். முதல் தடவை துபாய் போனபோது டிக்கெட்டில் காலை 5 மணிக்குப் புறப்பாடு, 7.45-க்கு இறக்கம் என்று இருந்தது. மூன்று மணி நேரம்கூட இல்லையே என்று அம்மாவுக்கு நிம்மதி. துபாய் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதை நான் சொல்லவில்லை. 8 மணி ஆகியும் போன் வராததால் மாதா குருசடி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். உண்மையான பயணம் நாலேகால் மணி நேரம். நான் இறங்கியபோது இங்கே மணி 9.15. இப்போதெல்லாம் ஊர் நேரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வீசும் உயரக் காற்று எதிரே அடிப்பதால், அந்த எழுத்தில் அரை மணி நேரம் கூட்டியே போடுவேன். திரும்பி வரும்போது அதே காற்று பின்னால் தள்ளும், சீக்கிரம் வந்துவிடலாம்.

மார்த்தாண்டத்திலிருந்து:
நான் மாலத்தீவில் ஆசிரியையாக இருந்தேன். திருவனந்தபுரத்திலிருந்து மாலத்தீவுத் தலைநகர் மாலியும் சென்னையும் கிட்டத்தட்ட ஒரே தூரம், 610 கிலோமீட்டர் அளவில். விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். சென்னையில் இருந்த என் அக்கா ராத்திரி முழுக்க ரயிலில் வருவார். ஆனால் எனக்கு மாலி வரைதான் வேகம். என் பள்ளி இருந்த தீவுக்கு அதற்குப் பிறகு படகு. கடல் கொந்தளித்தால் படகு எடுக்கமாட்டார்கள். ஒரு கிறிஸ்துமஸுக்கு அக்காதான் முதலில் வீட்டுக்கு வந்து எனக்கும் சேர்த்து முந்திரிக்கொத்து சுட்டு வைத்திருந்தார்.