மழை அளவு நாள் முழுக்க ஏறிக்கொண்டே போகிறது. கோப்பில் கோளாறா?

கேள்வி:
ஐரோப்பிய வானிலை மையத்தின் ஈஆர்ஏ5-லேண்ட் என்ற வானிலைத் தரவிலிருந்து ஒரு மாதத்து மணிவாரி மழையை கிரிப் (வானிலைத் தரவுக்கான கோப்பு வடிவம்) கோப்பாக இறக்கினேன். ஒரு புள்ளிக்கு வரைந்து பார்த்தால், 01 மணியிலிருந்து அளவு ஏறிக்கொண்டே போய், மறுநாள் 01 மணிக்குச் சட்டென்று விழுகிறது. எண்களும் 0.012 என்று பொடிப்பொடியாக இருக்கின்றன. இறக்கும்போது கோப்பு அறுந்துவிட்டதா? நிரல் எழுதாமல் டெர்மினலிலேயே பார்க்க வழி உண்டா?

பதில் 1:
அறுந்ததா என்று பார்ப்பது எளிது. ‘ஹெட் மைனஸ் சி 4’ கொடுத்தால் கோப்பின் தொடக்கமான ‘கிரிப்’ என்ற நான்கு ஆங்கில எழுத்து வர வேண்டும், ‘டெய்ல் மைனஸ் சி 4’ கொடுத்தால் 7777. கடைசியில் 7777 இல்லையென்றால் மறுபடி இறக்குங்கள்.

பதில் 2:
கோப்பு நன்றாகத்தான் இருக்கும். ஈஆர்ஏ5-லேண்டில் மழை, சர்வதேச நேரம் (யுடிசி) 00 மணியிலிருந்து கூட்டிக்கொண்டே வரும் தொகை. அலகு மீட்டர், அதனால் உங்கள் 0.012 என்பது 12 மி.மீ. நல்ல மழை அது!

என் சொல்லை நம்ப வேண்டாம், கோப்பையே கேளுங்கள். கோப்பின் தலைப்புத் தகவலைப் பட்டியலிடும் ‘கிரிப்_எல்எஸ்’ கட்டளைக்கு மைனஸ் பி போட்டு யூனிட்ஸ் (அலகு), டேட்டாடேட் (கூட்டல் தொடங்கிய தேதி), எண்ட்ஸ்டெப் (தொடங்கி எத்தனையாவது மணி), வேலிடிட்டிடேட், வேலிடிட்டிடைம் (மதிப்புக்குரிய தேதியும் நேரமும்) என்ற ஐந்தையும் காட்டச் சொல்லுங்கள். எண்ட்ஸ்டெப் 1 முதல் 24 வரை ஏறும். அந்த 24-ஆம் வரியை நிதானமாகப் பாருங்கள்: வேலிடிட்டிடேட் மறுநாளைக் காட்டும், டேட்டாடேட் முந்தைய நாளிலேயே நிற்கும். அதாவது 00 மணி மதிப்பு முந்தைய நாளின் மொத்த மழை. இதைக் கவனிக்காமல் தேதிவாரியாகக் கூட்டினால் ஒரே மழையைப் பலமுறை எண்ணிவிடுவோம், அப்புறம் ஆய்வு முழுக்கத் தப்பாகிவிடும். வரைபடம் போடுவதற்கு முன்னால் தலைப்புத் தகவலைப் படித்தே ஆக வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதற்காகத்தான்.

நாள் மொத்தம் போதுமென்றால் எண்ட்ஸ்டெப் 24 மட்டும் எடுங்கள். மணிவாரி வேண்டுமென்றால் ஒவ்வொன்றிலிருந்தும் முந்தைய மணியைக் கழியுங்கள், 01 மணியை மட்டும் அப்படியே விடுங்கள். கழிக்கும்போது மிகச் சிறிய எதிர்ம எண்கள் வரலாம். எண்களைச் சுருக்கிச் சேமிப்பதால் வருபவை அவை, பூஜ்யமாக்கிவிடலாம்.

கேட்டவர்:
நீங்கள் சொன்னபடியே 24-ஆம் வரியில் இரண்டு தேதியும் வேறு. நன்றி! லேண்ட் இல்லாத சாதாரண ஈஆர்ஏ5-க்கும் இதே கழித்தல்தானா?

பதில் 2:
இல்லை, அங்கே கழிக்கக் கூடாது. அதில் ஒவ்வொரு மதிப்பும் அதற்கு முந்தைய ஒரு மணி நேர மழை மட்டுமே. அலகு அங்கேயும் மீட்டர்தான்.