தோட்டத்துல ட்ரெயில் கேமரா வச்சவங்க அனுபவம் சொல்லுங்க (பெங்களூரு சுத்துப்பட்டு)

ஹாரோஹள்ளி மாந்தோப்பு

நேரா விஷயத்துக்கு வர்றேன். கனகபுரா ரோடுல ஹாரோஹள்ளி தாண்டி எங்க மாந்தோப்பு, பின்னாடி பாறை, பாறைக்கு அந்தப்பக்கம் காடு. காவலுக்கு இருந்த நாய் ஒரு ராத்திரில காணாம போச்சு. சங்கிலி மட்டும் கிடந்துச்சு, கழுத்துப்பட்டை அறுந்து கிடந்துச்சு. காவல்கார அண்ணன் பாத்த உடனே "சிரதே சார்"னுட்டாரு, கன்னடத்துல சிறுத்தை. பக்கத்து தோட்டக்காரர் அதெல்லாம் இல்ல, நாய் திருடுறவனுங்கதான்னு அடிச்சு சொல்றாரு. சரி பாத்துடுவோம்னு ஆன்லைன்ல நாலாயிரம் சொச்சத்துக்கு ஒரு ட்ரெயில் கேமரா (எதாவது குறுக்க போனா தானே படம் எடுக்கறது) வாங்கி, பாறைலேர்ந்து பம்ப்செட்டுக்கு வர்ற ஒத்தையடிப் பாதையில கட்டினோம். பெட்டி மேல 48 மெகாபிக்சல், 0.2 செகண்ட் ட்ரிக்கர் (அசைவு தெரிஞ்சதும் படம் எடுக்க ஆகற நேரம்)னு கொட்டை எழுத்துல போட்டிருந்தான்.

கார்டை எடுத்து லேப்டாப்ல போட்டா புல்லு ஆடுது, புல்லு ஆடுது, மயிலு, மறுபடி புல்லு. அதுக்கு நடுவுல ஒரே ஒரு படம். ராத்திரி 2:14. பாதை காலியா இருக்கு, வலது ஓரத்துல ஒரு வாலு மட்டும். நுனி மேல சுருண்டிருக்கு, அடிப்பக்கம் வெள்ளையா தெரியுது. உடம்பு இல்ல, முகம் இல்ல. அடுத்த படம் ஒரு நிமிஷம் கழிச்சு, அதுல ஒண்ணுமே இல்ல.

காவல்கார அண்ணனோட பொண்ணு தினமும் விடியக்காலைல அதே பாதைலதான் பஸ்ஸுக்கு நடந்து போவுது. அந்த வாலை நான் எத்தனை தடவை பெருசு பண்ணி பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல. பத்தாயிரத்துக்குள்ள, முழு மிருகத்தையும் பிடிக்கிற மாதிரி, நம்பி விட்டுட்டு வர்ற மாதிரி கேமரா யாராவது வச்சிருக்கீங்களா? உங்க அனுபவம் என்ன?

தளி ரோடு ராகி

ப்ரோ, வாலு அடிப்பக்கம் வெள்ளை, நுனி சுருட்டல், அது சிறுத்தைதான், சந்தேகமே வேண்டாம். காட்டுப்பூனைக்கு வாலு குட்டையா இருக்கும், நுனிப்பக்கம் கருப்பு வளையம் இருக்கும்.

என் கதை யானை. வீடு பொம்மனஹள்ளி, நிலம் தளி பக்கம். ராகி அறுப்பு நேரத்துல பன்னேர்கட்டா, ஜவளகிரி காட்டுலேர்ந்து கூட்டமா இறங்கும், அந்தப்பக்கம் நிலம் இருக்கறவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. எந்த மூலைல உள்ள வருதுன்னு தெரிஞ்சா அங்க மட்டுமாவது ராத்திரி ஆள் உக்காரலாம்னு புளியமரத்துல நெஞ்சு உயரத்துக்கு கேமரா கட்டினேன். காலைல போனா பெல்ட் மட்டும் மரத்துல தொங்குது. கேமரா வரப்பு தாண்டி சேத்துல கிடந்துச்சு, கண்ணாடி நொறுங்கிடுச்சு, ஆனா கார்டு உள்ள பத்திரமா இருந்துச்சு.

வரிசையா படம். மொதல்ல ரெண்டு கால், பெருசா, மங்கலா. அப்புறம் தும்பிக்கை நுனி லென்ஸுக்கு மேலயே வந்துடுச்சு, ரெண்டு மூக்குத் துவாரமும் ஈரமா, ஓரத்துல ஒட்டியிருக்கற ராகித்தாள் வரைக்கும் தெளிவா தெரியுது. அப்புறம் வானம். அப்புறம் இருட்டு. அது மோந்து பாத்த அந்த ஒரு படத்தை என்னால மறக்க முடியல, அவ்ளோ மெதுவா, அவ்ளோ நிதானமா தொட்டிருக்கு. அதுக்கப்புறம்தான் புடுங்கியிருக்கு.

ராத்திரி படம் எடுக்க கேமரா போடற அந்தச் செவப்பு லைட்டு கண்ணுல பட்டதுதான் காரணம்னு நான் உறுதியா நம்பறேன். செவப்பு லைட்டு தெரியாத கேமராவா பாத்து வாங்குங்க.

சர்க்யூட் போர்டு

நான் எலக்ட்ரானிக் சிட்டில சென்சார் வேலைலதான் இருக்கேன். எங்க அனுபவம் சின்னது. அபார்ட்மென்ட் ஏரிக்கரை ஓரம், மொட்டை மாடி தண்ணித் தொட்டி பக்கத்துல யாரோ நடக்கற சத்தம்னு எல்லாரும் பயந்தாங்க, கேமரா வச்சா புனுகுப்பூனை, வாயில குட்டியைக் கவ்விக்கிட்டு பைப் மேல நடந்து போவுது. அந்தப் படத்தைப் பாத்த அப்புறம் அசோசியேஷன்ல ஒருத்தரும் விரட்டணும்னு பேசல.

இப்ப தளி அண்ணா சொன்னதுக்கு வர்றேன். யானை லைட்டைப் பாத்துப் புடுங்கினதுன்னு உறுதியா சொல்ல முடியாதுண்ணா. கேமராவோட இன்ஃப்ராரெட் எல்இடி 850 நானோமீட்டர் அலைநீளம்னா லேசா செவப்பு தெரியும், உண்மை. 940-ன்னா கண்ணுக்கு தெரியாது, ஆனா வெளிச்சம் எட்டற தூரம் குறையும், படமும் கொஞ்சம் மங்கும். யானைக்கு முக்கியம் மோப்பம். உங்க கை வாசனை, புது பிளாஸ்டிக் வாசனை, ரப்பர் பெல்ட் வாசனை எல்லாம் அதுல இருக்கும். நீங்களே சொல்றீங்களே மோந்து பாத்துச்சுன்னு. 940 வாங்கினாலும் அதே உயரத்துல கட்டினா அதே கதிதான்.

ஹாரோஹள்ளி சார், உங்க வாலுக்குக் காரணம் மெகாபிக்சல் இல்ல. விலை கம்மி கேமராவுல உண்மையான சென்சார் பெரும்பாலும் சில மெகாபிக்சல்தான், மீதிய சாஃப்ட்வேர் இழுத்துப் பெருசாக்குது, 48-ங்கற நம்பருக்கு காசு குடுக்காதீங்க. உங்க பிரச்சனை ட்ரிக்கர். இந்த கேமரா எல்லாம் பிஐஆர் சென்சார்ல ஓடுது, சுத்தி இருக்கற சூட்டுக்கும் மிருகத்தோட உடம்பு சூட்டுக்கும் வித்தியாசம் நகர்ந்தாத்தான் அது முழிக்கும். முழிச்சு, லைட் போட்டு, படம் எடுக்கறதுக்கு ஒரு செகண்டு ஆயிடுச்சுன்னு வைங்க. 50 டிகிரி லென்ஸ் 3 மீட்டர் தூரத்துல பாக்கற அகலமே 2.8 மீட்டர்தான். சிறுத்தை சும்மா நடந்தாலே ஒரு செகண்டுல நடுவுலேர்ந்து ஓரத்துக்குப் போயிடும், மிச்சம் வாலுதான். பெட்டியில போட்ட 0.2-ஐ ராத்திரியில நீங்களே சோதிச்சுப் பாக்கணும், இருட்டுல குறுக்க வேகமா நடந்து பாருங்க, நீங்க படத்துல எங்க விழறீங்கன்னு தெரிஞ்சிடும். திருப்பிக் குடுக்கற கெடு முடியறதுக்குள்ள செய்யுங்க.

அப்புறம் பாதைக்கு நேர் குறுக்கால கட்டாதீங்க, 45 டிகிரி சாய்ச்சு பாதை நீளத்தைப் பாக்கற மாதிரி வைங்க, மிருகம் ஃப்ரேமுக்குள்ள ரொம்ப நேரம் இருக்கும். அதுக்காக நேரா எதிர்ல வர்ற மாதிரியும் வைக்காதீங்க, பிஐஆருக்கு குறுக்கு அசைவுதான் நல்லாத் தெரியும். உயரம் முழங்கால் அளவு. கிழக்கையோ மேற்கையோ பாத்து வச்சா சூரியன் நேரா அடிச்சு வெத்துப் படமா எடுக்கும், வடக்கு பாத்து வைங்க. முன்னாடி இருக்கற புல்லை வேரோட வெட்டுங்க. ஏப்ரல் மதியத்துல சென்சார் மந்தமாகும், வெளிச்சூடும் உடம்புச் சூடும் கிட்டத்தட்ட ஒண்ணாயிடும் இல்லையா, அதுக்கு கேமராவைத் திட்டி பிரயோஜனம் இல்ல.

பேட்டரிதான் பாதி பேரு கோட்டை விடற இடம். எட்டு டபுள் ஏ போடற கேமராவுல சார்ஜ் பண்ற பேட்டரி போட்டா ஒண்ணு 1.2 வோல்ட்தான், எட்டும் ஒரே வரிசையா சேர்ற மாடல்னா மொத்தம் 9.6, அது எதிர்பாக்கறது 12. பகல்ல படம் வரும், ராத்திரி லைட் போடறப்ப தள்ளாடும். லித்தியம் டபுள் ஏ விலை ஜாஸ்தி, ஆனா கடைசி வரைக்கும் வோல்டேஜ் விழாம நிக்கும். கார்டு 32 ஜிபி போதும், கேமராக்குள்ளயே ஃபார்மேட் பண்ணுங்க. சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒண்ணு உள்ள போடுங்க, எறும்பு குடியேறாம இருக்க ரப்பர் விளிம்பை துடைச்சு மூடுங்க.

புல்லு படமா வருதுன்னும் கவலைப்படாதீங்க. 2018 புலிக் கணக்கெடுப்புல 26,838 இடத்துல கேமரா வச்சு கிட்டத்தட்ட 3.48 கோடி படம் எடுத்தாங்க, அதுல புலி 76,651 படம், சிறுத்தை 51,777 படம். மத்தது எல்லாம் வேற மிருகம், ஆளு, மாடு, செடி.

தளி ரோடு ராகி

தம்பி, நீங்க சென்சார் படிச்சவரு, நான் அந்த மரத்தடில இருபது வருஷமா நிக்கறவன். அதே மரத்துல என் சட்டை தொங்கியிருக்கு, மண்வெட்டி சாத்தி வச்சிருக்கேன், டிபன் டப்பா மறந்துட்டு வந்திருக்கேன். எதையும் தொட்டதில்ல. லைட்டு அடிச்சதை மட்டும்தான் தொட்டுச்சு. வாசனைதான்னா சட்டையில இல்லாத வாசனையா?

மாகடி அக்கா

உயரத்தைப் பத்தி எல்லாரும் மிருகத்துக்கு மட்டும் பேசறீங்க. எனக்கு நடந்ததைச் சொல்றேன்.

எங்க அண்ணன் டெக்ஸாஸ்ல இருக்காரு, அங்க மான் வேட்டைக்கு நிலம் குத்தகை எடுத்து, லைசென்ஸ் வாங்கி, தீனி கொட்டற டப்பா முன்னாடி இந்த கேமராவை வரிசையா கட்டி வச்சு எந்த மான் எப்ப வருதுன்னு பாப்பாங்க. இதெல்லாம் அந்த ஊரு வேட்டைக்காரங்களுக்காகவே செஞ்ச சாமான், கூட வர்ற புத்தகத்துல இடுப்பு உயரத்துல கட்டுன்னு போட்டிருக்கறதும் அந்த மானுக்குத்தான். அங்கயே அரிசோனாவுல 2022 ஜனவரிலேர்ந்து வேட்டைக்கு இதைப் பயன்படுத்தக் கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க. அண்ணன் ஆசையா ஒரு செல்லுலார் கேமரா கொண்டு வந்து குடுத்தாரு, படம் எடுத்ததும் ஃபோனுக்கு வந்துடும்னு. இங்க சிம்மே எடுக்கல, அந்த ஊர் நெட்வொர்க்குக்கு பூட்டின கேமரா. வெளிநாட்டுலேர்ந்து யாராவது வாங்கிட்டு வர்றாங்கன்னா எந்த நெட்வொர்க் பேண்ட்ல (அலைவரிசைல) ஓடும்னு கேட்டுக்கோங்க, இங்க ஜியோவுக்கு 3, 5, 40 வேணும். இங்கயே விக்கற பழைய 2ஜி, 3ஜி மாடல்ல ஜியோ சிம் வேலையே செய்யாது. கடைசில சாதா கார்டு கேமராதான் வச்சேன், காட்டுப்பன்னி கடலையைக் கிளறுது, எந்தப் பக்கம் வேலி பிஞ்சிருக்குன்னு பாக்க.

பன்னி வரல. ராத்திரி பதினொண்ணு சொச்சம், ரெண்டு ஆளு. ஒருத்தன் டார்ச் பிடிச்சிருக்கான், இன்னொருத்தர் குத்துக்கால் போட்டு உக்காந்து வேலி ஓட்டைல கம்பி கட்டறாரு. பைக் கிளட்ச் கேபிள். சுருக்கு போட்டு, இழுத்து, எவ்ளோ அகலம்னு தன் முழங்கையால அளந்து பாக்கறாரு. அந்த முழங்கை அளவு பாக்கற படம் இருக்கே, அதுல முகமும் தெரியுது. எங்க நிலத்துக்கு உழவு ஓட்டறவரு. என் பையன் பொறந்தப்ப தொட்டில் கட்ட மூங்கில் வெட்டிட்டு வந்தவரு.

விடியறதுக்குள்ள போயி கம்பியை அறுத்துட்டேன். பன்னிக்குன்னுதான் வச்சிருப்பாங்க, ஆனா அதுல சிறுத்தை மாட்டினா இடுப்புல இறுகி ரெண்டு நாள் கத்திச் சாவும். படத்தை இன்னும் யார்கிட்டயும் காட்டல. அதுதான் தூங்க விடல.

ஆனேக்கல் பெரியவர்

அம்மா, காட்டலன்னா தப்பு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல வேட்டைங்கறதுல கண்ணி வைக்கறதும் அடக்கம், மிருகம் மாட்டினாத்தான் குத்தம்னு இல்ல, வைக்க முயற்சி பண்ணினாலே குத்தம். வனத்துறை ஹெல்ப்லைன் 1926-க்கு ஃபோன் பண்ணுங்க, இல்ல நேரா வனத்துறை ரேஞ்ச் ஆபீஸ் போங்க. படத்தோட ஒரிஜினல் கார்டை அழிக்காம வைங்க, வாட்ஸப்ல அனுப்பினா தேதி விவரமெல்லாம் போயிடும், கார்டை அப்படியே குடுக்கணும், கேமராவுல தேதி நேரம் சரியா வச்சிருந்தீங்களான்னு மொதல்ல பாருங்க. ரோந்து வந்தா வேலி முழுக்க நடந்து பாக்கச் சொல்லுங்க, ஒரு கண்ணி இருக்கற இடத்துல இன்னும் நாலு இருக்கும். காட்டு எல்லைக்குள்ள மட்டும் அனுமதி இல்லாம நீங்களா கேமரா வைக்காதீங்க, சொந்த நிலத்துக்குள்ள வைங்க. படத்தைப் பொதுவுல போட்டா இடம் தெரியற மாதிரி போடாதீங்க.

என் அனுபவம்னா 2023 நவம்பர் ஆரம்பத்துல கூட்லு கேட் பக்கம் ஒரு சிறுத்தையைப் பிடிக்கப் போயி அது குண்டடி பட்டுச் செத்ததே, அப்ப எங்க தெரு முழுக்க ராத்திரி ஆளுங்க கம்போட நின்னாங்க. கட்டடத்துக்குள்ள அது பதுங்கறதைப் பாத்த ஒரு பையன் என்கிட்ட சொன்னது "தாத்தா, அது எங்களைப் பாத்து பயந்துச்சு"ன்னு. அவ்ளோதான்.

மாகடி அக்கா

ஐயா, சட்டம் தெரியும். அவரு வீட்டுல மூணு பொம்பளைப் புள்ளைங்க இருக்கறதும் தெரியும். கண்ணி இருக்கற இடம்னு மட்டும் ரேஞ்ச் ஆபீஸ்ல சொன்னேன், வந்து வேலி பூரா நடந்து இன்னும் ரெண்டு எடுத்துட்டுப் போனாங்க. அவரைக் கூப்பிட்டு அறுத்த கம்பியை கையில குடுத்தேன், ஒரு வார்த்தை பேசல, வாங்கிட்டுப் போயிட்டாரு. படம் என்கிட்டயே இருக்கு, இன்னொரு தடவை கம்பியைப் பாத்தா கார்டு ஆபீஸுக்குப் போயிடும்னும் சொல்லிட்டேன்.

ஹாரோஹள்ளி தம்பிக்கு ஒண்ணு. நீங்க வைக்கப்போற பாதைல பொம்பளைங்க விடியக்காலைல ஒதுங்கப் போவாங்களான்னு காவல்காரர் வீட்டம்மாகிட்ட மொதல்ல கேளுங்க. உத்தராகண்ட்ல கார்பெட் புலிக் காட்டுப் பக்கம் மிருகத்துக்குன்னு வச்ச கேமராவால அந்த ஊர்ப் பொம்பளைங்க எவ்ளோ அவதிப்பட்டாங்கன்னு கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சி ஒண்ணு 2024-ல வந்துச்சு. கேமரா எங்க இருக்குன்னு அவங்களுக்குத் தெரியணும்.

ஹாரோஹள்ளி மாந்தோப்பு

எல்லாருக்கும் நன்றி, குறிப்பா அக்காவுக்கு. வீட்டம்மாகிட்ட பேசிட்டேன், அவங்க காட்டின இடம் பாதைலேர்ந்து தள்ளி, பாறை இடுக்குல, அங்க ஆளு யாரும் போறதில்லையாம், ஆனா புழுதில கால்தடம் இருக்கு. பொண்ணை இப்ப அவங்க அப்பாவே பைக்ல பஸ் ஸ்டாப் வரைக்கும் விடறாரு. பழைய கேமராவைத் திருப்பி அனுப்பியாச்சு. 940-ல ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், எட்டாயிரத்து சொச்சம், மெகாபிக்சல் கம்மிதான், ராத்திரி நடந்து சோதிச்சுப் பாத்துட்டுத்தான் கட்டுவேன். ஞாயித்துக்கிழமை எஸ்பி ரோடு (பெங்களூரு எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு) போறேன், லித்தியம் டபுள் ஏ நம்பி வாங்கற கடை தெரிஞ்சவங்க சொல்லுங்க. தளி அண்ணா, யானைக்கு அடுத்து எவ்ளோ உயரத்துல கட்டினீங்க?