கட்டளை வரியில் ட்ராக்கர் இசைக் கோப்புகள்: ஒலி இரு காதுக்கும் பிரிந்து வருகிறது, சில கோப்புகள் முடிவதே இல்லை

உவர்மலை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலையில் ஒரு பாடசாலையில் சங்கீதம் கற்பிக்கிறேன். என் அண்ணா கொழும்பில் படித்த காலத்தில் சேர்த்துவைத்த இறுவட்டு ஒன்று பல ஆண்டுகளாக எங்கள் வீட்டு அலுமாரியில் கிடந்தது. அதில் ஏறக்குறைய நானூறு ட்ராக்கர் இசைக் கோப்புகள் (ட்ராக்கர் என்ற வகை இசையமைப்பு மென்பொருள்களில் எழுதப்பட்டவை) உள்ளன. பெரும்பாலானவை மொட் வகை, மற்றவை எக்ஸ்எம், எஸ்3எம் வகைகள். கடற்காற்றில் இறுவட்டின் பூச்சு உரியத் தொடங்கிவிட்டதால், படிக்க முடிந்த அனைத்தையும் சென்ற விடுமுறையில் ஒரு பழைய மடிக்கணினியின் வன்தட்டுக்கு மாற்றிவிட்டேன். அந்தக் கணினியில் 1 ஜிபி நினைவகம் மட்டுமே இருப்பதால், மேசைச் சூழல் எதுவும் இல்லாமல் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியிருக்கிறேன். ஆகவே எனக்குத் தேவைப்படுவது கட்டளை வரியில் இயங்கும் ஓர் இசைப்பான்.

இப்போது பயன்படுத்தும் இசைப்பானில் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன. முதலாவது, ஹெட்போனில் கேட்கும்போது மெட்டு முழுவதும் ஒரு காதிலும் தாளம் முழுவதும் மறு காதிலும் ஒலிப்பதால், பத்து நிமிடத்தில் தலை வலிக்கிறது. இரண்டாவது, சில கோப்புகள் முடிவதே இல்லை. அத்தகைய ஒன்றை வேவ் கோப்பாக மாற்றும்படி இரவில் ஓடவிட்டுப் படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தபோது 3 ஜிபிக்கு மேல் எழுதப்பட்டு, வன்தட்டில் இருந்த இடமெல்லாம் தீர்ந்து, கணினி நின்றிருந்தது. மூன்றாவது, இருபதுக்கு மேற்பட்ட கோப்புகளை அந்த மென்பொருள் அடையாளமே காணவில்லை.

இவற்றோடு ஒரு விருப்பமும் உண்டு. ஒரு பாட்டு எப்படி அடுக்கடுக்காகக் கட்டப்படுகிறது என்பதை என் மாணவர்களுக்குக் காட்ட, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியாக ஒலிக்கச் செய்ய வேண்டும். இவற்றில் எதுவெல்லாம் இயலும் என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தம்பலகாமத்தான் எழுதியது:

வணக்கம், ஆசிரியை. நீங்கள் சொல்லும் சிக்கல்களில் முதல் இரண்டும் ஒரே வேரிலிருந்து முளைப்பவை. ஆகவே வேரிலிருந்தே தொடங்குகிறேன்.

மொட் கோப்பு ஓர் ஒலிப்பதிவு அன்று. சங்கீத ஆசிரியரான உங்களுக்கு இதை விளக்குவது எளிது: அது ஸ்வரப்படுத்தி எழுதிய தாளும், அந்த ஸ்வரங்களை ஒலிக்க வேண்டிய வாத்தியங்களின் சிறு ஒலித்துண்டுகளும் ஒன்றாகக் கட்டப்பட்ட பொதி. பாடுகிறவர் கோப்புக்குள் இல்லை. இசைப்பான் என்ற மென்பொருள்தான் அந்தத் தாளைப் பார்த்து ஒவ்வொரு முறையும் புதிதாக வாசிக்கிறது. எனவே இசைப்பானை மாற்றினால் பாட்டின் ஒலியும் மாறும். எம்பி3 கோப்புக்கு எந்த இசைப்பானும் போதும், இங்கே அப்படியன்று.

காது பிரிவதற்குக் காரணம் அமிகா கணினி. 1987இல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி வெளியிட்ட அல்டிமேட் சவுண்ட்ட்ராக்கர் என்ற ட்ராக்கர் மென்பொருள் அந்தக் கணினிக்காகவே எழுதப்பட்டது. அமிகாவின் பௌலா என்ற ஒலிச் சில்லில் நான்கு சனல்கள் (தனித்தனி ஒலித்தடங்கள்) இருந்தன. முதலாவதும் நான்காவதும் இடப்புறத்துக்கும், இரண்டாவதும் மூன்றாவதும் வலப்புறத்துக்கும் வன்பொருளிலேயே இணைக்கப்பட்டிருந்தன. நடுவில் ஒலிக்க வழியில்லை. அன்று பெரும்பாலானோர் தொலைக்காட்சிப் பெட்டியிலோ ஒலிபெருக்கியிலோ கேட்டதால் இரு புறத்து ஒலிகளும் அறையின் காற்றிலேயே கலந்துவிட்டன. ஹெட்போனில் அந்தக் கலப்பு நிகழ்வதில்லை.

நான் பரிந்துரைப்பது ஓப்பன்எம்பிடி123. இது லிப்ஓப்பன்எம்பிடி என்ற நிரல் நூலகத்தின் மேல் கட்டப்பட்ட கட்டளை வரி இசைப்பான். டெபியனின் களஞ்சியத்திலேயே இருப்பதால், ஆப்ட் என்ற நிறுவல் கட்டளை கொண்டு நிறுவிவிடலாம். (கட்டளைச் சொற்களை ஒலிப்புப்படி தமிழில் எழுதுகிறேன், தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இடைவெளியின்றி இட வேண்டும்.) இசைப்பானின் பெயரை எழுதி, இரண்டு சிறு கோடுகளை அடுத்து ஸ்டீரியோ என்ற சொல்லையும், ஓர் இடைவெளி விட்டு 40 என்ற எண்ணையும், இறுதியில் கோப்பின் பெயரையும் இடுங்கள். இந்த எண் விழுக்காட்டைக் குறிக்கிறது. 100 என்றால் பிரிவு அப்படியே இருக்கும். 0 என்றால் இரு காதுக்கும் ஒரே ஒலி வரும். ஹெட்போனுக்கு 30க்கும் 50க்கும் இடையில் வைப்பது எனக்கு இதமாக இருக்கிறது.

முடிவின்மைக்கு வருகிறேன். கணினி விளையாட்டுகளுக்கும் டெமோ என்ற ஒலி-ஒளிக் காட்சி நிரல்களுக்கும் எழுதப்பட்ட பாட்டுகளில், இறுதிக்கு வந்ததும் முன்னே உள்ள ஓர் இடத்துக்குத் தாவும்படி இசையமைப்பாளரே கட்டளை எழுதிவைத்திருப்பார். பல்லவிக்குத் திரும்பும் குறியை எழுதி, எங்கே நிறுத்துவது என்று எழுதாமல் விட்டதைப் போன்றது அது. ஓப்பன்எம்பிடி123 ஏற்கெனவே வாசித்த வரிகளை நினைவில் வைத்துக்கொள்வதால், பாட்டு வந்த வழியே திரும்புவதைக் கண்டதும் அதை முடிவாகக் கொள்கிறது. மறுபடியும் சுழல வேண்டுமானால் ரிப்பீட் என்ற விருப்பத்தில் எத்தனை முறை என்று நீங்களே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒரு முறையுடன் நின்றுவிடும். வேவ் ஆக மாற்றுவதற்கு ரெண்டர் என்ற விருப்பம் உள்ளது. அது மூலக் கோப்பின் அருகிலேயே புதிய கோப்பை எழுதும். ஆயினும் முதலில் இன்ஃபோ என்ற விருப்பத்தை இட்டு ஒவ்வொன்றின் கால அளவையும் பாருங்கள். குறுந்தட்டுத் தரத்தில் ஒரு நிமிட ஒலிக்கு ஏறக்குறைய 10 எம்பி செலவாகும் என்பதால், நானூறு பாட்டுகளையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டாம்.

கிண்ணியாக் கரை எழுதியது:

வணக்கம், ஆசிரியை. அடுக்குகளைத் தனியாகக் கேட்பதற்கு, தம்பலகாமத்து அண்ணா சொன்னதோடு எக்ஸ்எம்பி என்ற இசைப்பானையும் நிறுவிக்கொள்ளுங்கள். அதுவும் டெபியனில் கிடைக்கிறது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே விசைப்பலகையில் 1ஐ அழுத்தினால் முதல் சனல் மௌனமாகும். மீண்டும் அழுத்தினால் திரும்ப ஒலிக்கும். இப்படிப் பத்தாவது சனல் வரை எண் விசைகளால் அணைத்து எழுப்பலாம், பத்தாவதுக்கு 0. ஆச்சரியக்குறியை அழுத்தினால் எல்லாச் சனல்களும் திரும்பிவிடும். வகுப்பறைக்கு இதைவிடப் பொருத்தமான கருவியை நான் கண்டதில்லை. மற்ற மூன்று சனல்களையும் அணைத்துவிட்டு அடித்தாளத்தை மட்டும் ஓடவிட்டு, பிள்ளைகள் கையால் தாளம் போட்டதும் மற்றவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துவிடலாம்.

ஓர் இடத்தில் மட்டும் கவனம் தேவை. தொடங்கும்போதே சோலோ என்ற விருப்பத்தின் மூலம் குறிப்பிட்ட சனலை மட்டும் கேட்க விரும்பினால், அங்கே எண்ணிக்கை 0இலிருந்து தொடங்குகிறது. விசைப்பலகையில் 1 என்பது அங்கே 0 ஆகும். இதை அறியாமல், தவறான சனலைக் கேட்டுக்கொண்டு ஒரு மாலை முழுவதையும் நான் இழந்திருக்கிறேன்.

நீங்கள் சங்கீதம் கற்பிப்பதால் இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். மொட் கோப்பில் இசை பேட்டர்ன் என்ற பக்கங்களாக எழுதப்படுகிறது. ஒரு பக்கத்துக்கு 64 வரிகள். வழக்கமாக நான்கு வரிகளை ஓர் அடியாகக் கொள்வதால் ஒரு பக்கத்தில் 16 அடிகள் அமையும். அது சரியாக ஆதி தாளத்தின் இரண்டு ஆவர்த்தனங்கள். இயல்பான வேகத்தில் விநாடிக்கு 50 துடிப்புகளும் ஒரு வரிக்கு 6 துடிப்புகளும் என்பதால், ஒரு பக்கம் 7.68 விநாடியில் முடியும். மூன்றடித் தாளத்தில் எழுத விரும்பியவர்கள் 48 வரிகளிலேயே பக்கத்தை முறிக்கும் கட்டளையை இட்டு அடுத்த பக்கத்துக்குத் தாவினார்கள். அதாவது 12 அடிகள், மூன்றின் நான்கு மடங்கு. எக்ஸ்எம்பி ஓடும்போது திரையில் பக்க எண்ணும் வரி எண்ணும் நகர்வதைக் காணலாம். அந்த எண்களைப் பார்த்தபடியே பிள்ளைகள் தாளம் போட்டால், எழுத்தில் இருப்பதும் காதில் விழுவதும் ஒன்றே என்பது அவர்களுக்கு விளங்கிவிடும்.

சீனக்குடா எழுதியது:

அடையாளம் காணப்படாத அந்த இருபது கோப்புகளைப் பற்றி மேலே எவரும் சொல்லவில்லை. முதலில் கோப்பின் பெயரைப் பாருங்கள். அமிகாவில் வகைப்பெயரைக் கடைசியில் எழுதாமல் முன்னால் எழுதும் வழக்கம் இருந்தது: மொட் என்று தொடங்கி, புள்ளியிட்டு, அதன்பின் பாட்டின் பெயர். கடைசி எழுத்துகளை மட்டும் பார்த்து வகையை முடிவு செய்யும் இசைப்பான்கள் இவற்றைத் தள்ளிவிடும். ஓப்பன்எம்பிடி123, எக்ஸ்எம்பி இரண்டுமே பெயரை நம்பாமல் உள்ளடக்கத்தைத் திறந்து பார்ப்பவை என்பதால், பெயர் மாற்றாமலேயே பல கோப்புகள் ஒலிக்கக்கூடும்.

அப்படியும் ஒலிக்காதவை இருந்தால் உள்ளே பார்க்க வேண்டும். சவுண்ட்ட்ராக்கருக்குப் பின் வந்த புரோட்ராக்கர் காலத்து மொட் கோப்பில் பாட்டின் பெயருக்கு 20 பைட், 31 சாம்பிள்களின் (வாத்திய ஒலித்துண்டுகளின்) விவரங்களுக்குத் தலா 30 வீதம் 930 பைட், பக்கங்களின் எண்ணிக்கைக்கும் அடுத்த குறிப்புக்கும் ஒவ்வொரு பைட், பக்க வரிசைக்கு 128 பைட் என மொத்தம் 1080 பைட் கழிந்ததும், எம், புள்ளி, கே, புள்ளி என்ற நான்கு எழுத்து முத்திரை வரும். கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ்டம்ப் போன்ற கருவியால் அந்த இடத்தைப் பாருங்கள். முத்திரை இருந்தால் அது மொட் கோப்புதான். இசைப்பானைத்தான் மாற்ற வேண்டும். முத்திரை இல்லாவிட்டால், அது 15 சாம்பிள்களை மட்டும் கொண்ட தொடக்ககால சவுண்ட்ட்ராக்கர் கோப்பாக இருக்கலாம். அவற்றில் தலைப்பகுதி 600 பைட்டிலேயே முடிந்துவிடும், முத்திரையே கிடையாது. ஆகவே அது மொட் கோப்புதானா என்பதை இசைப்பான் ஊகித்தே அறிய வேண்டியிருக்கிறது.

கோப்பின் முதல் நான்கு எழுத்துகள் பிபி20 என்றிருந்தால், அது பவர்பேக்கர் என்ற அமிகா கருவியால் சுருக்கப்பட்டது. மேற்கூறிய இரு இசைப்பான்களும் அதைத் தாமே விரித்து வாசிக்கும்.

ஸ்டீரியோ பற்றி ஒரு மாற்றுக் கருத்தும் உண்டு. ஹெட்போனுக்கு 40 சரி. ஆனால் வகுப்பறையில் ஒலிபெருக்கி இரண்டு இருந்தால் பிரிவைக் குறைக்காமல் 100இலேயே வையுங்கள். இடமும் வலமும் ஒன்றுக்கொன்று விடையளிப்பதுபோல் இசையமைப்பாளர்கள் திட்டமிட்டு எழுதிய பாட்டுகள் பல உள்ளன. எண்ணைக் குறைத்தால் அந்த உரையாடல் அழிந்துவிடும். அது வன்பொருளின் கட்டாயமாக இருந்தது உண்மைதான். ஆனாலும் அந்தக் கட்டாயத்துக்குள் நின்றே அவர்கள் எழுதினார்கள். அதைக் குறையாக மட்டும் பார்ப்பதை நான் ஏற்கவில்லை.

உவர்மலை ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு இசைப்பான்களையும் நிறுவிவிட்டேன். அடையாளம் தெரியாதிருந்தவை 23. அவற்றில் 14 பெயர் முன்னால் வந்த காரணத்தால் மட்டுமே ஒதுக்கப்பட்டவை. இப்போது எதையும் மாற்றாமலேயே ஒலிக்கின்றன. ஐந்தில் பிபி20 என்ற எழுத்துகளைக் கண்டேன், அவையும் ஒலிக்கின்றன. மீதி நான்கில் 1080ஆம் இடத்தில் முத்திரையும் இல்லை, பாதிக்கு மேல் வெறும் பூச்சியங்களாகவே உள்ளன. ஆகவே அவை இறுவட்டிலேயே பழுதானவை என்று கொண்டேன். அண்ணாவிடம் வேறு பிரதி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன்.

நேற்று எட்டாம் வகுப்பில் எக்ஸ்எம்பியை ஓடவிட்டேன். சீனக்குடா ஐயா சொன்னபடி ஒலிபெருக்கிகளை வகுப்பறையின் இரு மூலைகளிலும் வைத்து, பிரிவைக் குறைக்காமல் விட்டேன். இடப்புற வாங்கில் இருந்த பிள்ளைகள் முதல் சனலுக்கும் வலப்புறத்தினர் இரண்டாவதற்கும் தாளம் போட்டார்கள். ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது: நான்காவது சனலில் ஒரே நேரத்தில் மூன்று ஸ்வரங்கள் ஒலிப்பதுபோல் கேட்டது. ஒரு சனலில் ஒரு ஸ்வரந்தானே ஒலிக்க முடியும் என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை.

கிண்ணியாக் கரை எழுதியது:

அந்த மாணவியின் காது கூர்மையானது, ஆசிரியை. அங்கே இரண்டு வழிகளில் ஒன்று கையாளப்பட்டிருக்கும். மூன்று ஸ்வரங்களையும் ஒன்றாக வாசித்து ஒரே சாம்பிளாகப் பதிந்திருக்கலாம். அல்லது ஆர்பெஜியோ என்ற கட்டளையால் ஒரே வரியின் ஆறு துடிப்புகளுக்குள் மூன்று ஸ்வரங்களையும் மாறி மாறி ஒலிக்கச் செய்திருக்கலாம். விநாடிக்கு 50 துடிப்புகள் என்பதால் ஒவ்வொரு ஸ்வரமும் 0.02 விநாடி மட்டுமே நிற்கிறது. காது அவற்றைச் சேர்த்தே கேட்கிறது. ஒலியில் மெல்லிய நடுக்கம் தெரிந்தால் அது ஆர்பெஜியோ, நடுக்கமின்றி நின்றால் சாம்பிள். அடுத்த வகுப்பில் நான்காவது சனலை மட்டும் திறந்துவைத்து, எது என்று அந்தப் பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள்.