கொல்லிமலையில் கேட்ட உலக்கைச் சத்தம்

நானும் நண்பனும் பைக்கில் கொல்லிமலை போனது அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளுக்காகத்தான். காரவள்ளி அடிவாரத்தில் ஆரம்பித்தால் ஒவ்வொரு வளைவிலும் எண் போட்ட பலகை நிற்கும். ஐம்பதைத் தாண்டும்போது காற்றே மாறிவிட்டது. சோளக்காட்டுக்கு ஏறினால் உச்சி வரும் என்றிருந்தோம். மேலே ஒரு நாடே விரிந்து கிடக்கிறது: பள்ளத்தில் நெல்வயல், சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடி, பலா, சரிவெல்லாம் மரவள்ளி.

நாடு என்று சும்மா சொல்லவில்லை. வளப்பூர் நாடு, தேவனூர் நாடு என்றுதான் அங்கே ஊர்களைச் சொல்கிறார்கள். மக்கள் மலையாளிகள் என்னும் பழங்குடியினர், கேரளாவோடு சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வம்சம் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை.

ஆகாய கங்கை அருவியைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். எனக்கு மனசில் நிற்பது திரும்பும் வழியில் மழைக்கு ஒதுங்கிய ஓட்டு வீடு. திண்ணையில் ஒரு பாட்டி சாமை குத்திக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் குத்துவார், முறத்தில் அள்ளிப் புடைப்பார், உமி பறக்கும், மறுபடி உரலில் கொட்டுவார். மூன்றாவது தடவைக்குப் பிறகும் பாதிக்கு மேற்பட்ட மணிகளில் தோல் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. கடுகை விடக் கொஞ்சம் பெரிய மணி, அதற்கு அவ்வளவு கெட்டித் தோல்.

"இப்ப எல்லாரும் ஏன் பாட்டி மரவள்ளிக்குப் போயிட்டாங்க?" என்று கேட்டேன்.

"கெழங்குன்னா புடுங்கி லாரியில ஏத்துனா காசு, தம்பி. இத வாயில வைக்கிறதுக்குள்ள பொம்பள முதுகு ஒடஞ்சிரும்."

கிழங்கு கீழே சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. சாமை குறைந்ததற்கு விலைதான் காரணம் என்று நினைத்திருந்தேன். இந்த உலக்கையை யாரும் எனக்குச் சொன்னதில்லை. தோல் நீக்கும் மெஷின் வந்த ஊர்களில் இந்தப் பாடு குறைந்திருக்கிறது. எல்லா ஊருக்கும் அது வரவேண்டும் என்று மனசாரக் கேட்டுக்கொள்கிறேன்.

கிளம்பும்போது இரண்டு படி கேட்டோம். "வெதைக்கு எடுத்து வெச்சது போக இவ்வளவுதான்" என்று ஒரு படி அளந்தார். எதற்கெடுத்தாலும் பேரம் பேசும் என் நண்பன், சொன்ன காசை வாய் திறக்காமல் எடுத்துக் கொடுத்தான்.